தள்ளாடும் நீர்விசை ஓடம்



காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வருபவரைக் கண்டவுடன் அனுபவமுள்ள வைத்தியர் மருந்துப் போத்தலை எடுத்துவிடுவதில்லை. காய்ச்சல் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா, நாள்தோறும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதா என்று முதலில் வினவுகிறார். எப்பொழுது என்னும் வினாவுக்கு விடை கிடைத்தால், ஏன் என்னும் வினாவுக்குரிய விடையில் பாதி கிடைத்துவிடும். யந்திரங்களின் நோய்க்கும் இம்முறை பொருந்தும் என்பதை ஓர் உதாரணத்தினால் விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். உதாரணமாக நான் எடுத்துக்கொண்டது, நின்றபடி செலுத்தும் நீர்விசை ஓடம்.

நீரின்மேல் ஓடும் மோட்டார்ச் சைக்கிள் போன்ற சிறு ஓடங்களில் உல்லாசப் பிரயாணிகள் விரைந்து செல்வதைப் பெந்தோட்டை போன்ற இடங்களில் உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கு பெரும்பாலும் காணப்படுவது ஆசனத்தில் இருந்து ஓட்டும் வகை. அதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதற்கு ஆசனம் இல்லை. ஓட்டுபவர் ஓடத்தின் பின்புறத்திலுள்ள தட்டையான பள்ளத்தில் நின்றுகொண்டு, முன்புறத்திலிருந்து மேலும் கீழும் அசையத்தக்கதாய் நீண்டுவரும் தண்டொன்றின் கைப்பிடியைப் பற்றியபடி செல்வார். ஓடத்தின் நீளம் இரண்டு மீற்றருக்குச் சற்று மேல். அகலமோ ஏறக்குறைய முக்கால் மீற்றர்தான். இவ்வளவு ஒடுங்கிய ஒன்றின்மேல் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார் என்றால், அது தள்ளாடுவது வியப்பன்று. தள்ளாடாமல் ஓடுவதே வியப்பு. ஆகவே, "என் ஓடம் தள்ளாடுகிறது" என்று ஒருவர் முறையிட்டால், அது யந்திரத்தின் குற்றமா, ஓட்டுபவரின் குற்றமா, இயற்கை நியதியா என்று பகுத்தறிதல் வேண்டும்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மோட்டார்ச் சைக்கிள் பந்தய வீரரான கிளேற்றன் ஜேக்கப்சன் என்பவர் 1960களில் இத்தகைய ஓடமொன்றை உருவாக்க முனைந்தார். கனடாவின் பொம்பார்டியர் நிறுவனம் அவருடைய கருத்தைத் தழுவி, இருந்து ஓட்டும் ஓடத்தை 1968 ஆம் ஆண்டளவில் வெளியிட்டது. ஜப்பானின் கவாசாக்கி நிறுவனம் நின்று ஓட்டும் வகையை 1973 இல் 'ஜெற் ஸ்கி' என்னும் பெயருடன் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வணிகப் பெயரே பின்னர் மக்களின் வாயில் இவ்வினம் முழுவதற்கும் பொதுப்பெயராய்விட்டது. யமஹா நிறுவனத்தின் நின்றோட்டும் ஓடம் 1990 இல் வந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றை மறித்துக் கட்டிய அணையினால் உண்டான ஹவாசு ஏரி, இவ்வோடங்களின் உலக இறுதிப் போட்டிகள் பல ஆண்டுகள் நடைபெற்ற இடமாகும்.

ஓடத்தை உந்தும் முறை இன்னும் சற்று முந்தியது. நியூசீலாந்தின் தென்தீவில் ஆறுகள் ஆழமின்றிக் கூழாங்கற்களின்மேல் பரந்து ஓடுவன. நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்விசிறி அங்கே கல்லில் மோதி முறிந்துவிடும். வில்லியம் ஹமில்ரன் என்னும் பொறியியலாளர், விசிறியை ஓடத்தின் வயிற்றுக்குள்ளேயே அடக்கி, அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீச்சும் முறையை 1950களில் செம்மைப்படுத்தினார். 1960 இல் அவருடைய முறையில் அமைந்த ஓடங்கள், அதே கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் கடந்தன.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் றப்பர்க் குழாயின் வாயை விரலால் ஒடுக்கிப் பாருங்கள். நீர் விசையுடன் முன்னே பாய, குழாய் உங்கள் கையைப் பின்னே தள்ளும். நீர்விசை ஓடத்தின் தத்துவம் இதுவே. யந்திரம் விசிறியைச் சுழற்றுகிறது. விசிறி அடியிலுள்ள உறிஞ்சுவாய் வழியாக நீரை இழுத்துப் பின்புறத்துப் பீச்சுவாய் வழியாக வெளியே தள்ளுகிறது. ஓடம் முன்னே செல்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் பீச்சுவாய் திரும்புகிறது. பாயும் நீரின் திசை மாற, ஓடத்தின் திசையும் மாறுகிறது. இதற்குச் சுக்கான் இல்லை என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதைப் பற்றிச் சொல்வேன்.

இனி, உறுதிநிலையைப் பற்றிப் பார்ப்போம். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியொன்று நடைபெறுவதுண்டு. விரைவாக ஓட்டும்போது நேரே செல்லும் அதே சைக்கிள், மெதுவாக ஓட்டும்போது இருபுறமும் வளைந்து நெளிந்து ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடப் பார்க்கிறது. நின்றோட்டும் ஓடமும் இவ்வியல்புடையதே. நிற்கையில் அதனைத் தாங்குவது நீரின் மிதப்பு விசை ஒன்றுதான். மனிதர் எழுந்து நின்றவுடன் பாரத்தின் மையம் உயர்ந்துவிடுகிறது, ஒடுங்கிய அடித்தளத்தினால் அவ்வுயர்ந்த பாரத்தைத் தாங்க இயலவில்லை, ஓடம் சரிகிறது. வேகம் கூடியதும் நிலைமை மாறுகிறது. அடித்தளம் நீரைக் கீழ்நோக்கித் தள்ள, நீர் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஓடம் நீரைப் பிளந்து செல்வதை விடுத்து, அதன் மேற்பரப்பிலே சறுக்கி ஓடத் தொடங்குகிறது. இச்சறுக்கோட்டத்தில்தான் உறுதி பிறக்கிறது. அதாவது, இவ்வோடத்தின் உறுதி அசையாமையில் இல்லை, ஓட்டத்தில் உள்ளது. ஆகையால் ஓட்டத்தைக் கெடுப்பது எதுவாயினும் உறுதியையும் கெடுத்துவிடும்.

இப்பொழுது நம்முடைய வினாவுக்கு வருவோம். ஓடம் எப்பொழுது தள்ளாடுகிறது?

முதலாவது, புறப்படும்போது. புதிதாகப் பழகுபவர்களின் முறையீடு பெரும்பாலும் இதுவே. நின்ற இடத்திலேயே எழுந்து நிற்க முயன்று, மீண்டும் மீண்டும் நீரில் விழுந்து, ஓடம் பழுது என்று முடிவு செய்கின்றனர். இது பழுதன்று; மேலே சொன்ன இயற்கை நியதி. முதலில் வயிற்றுப் பாகத்தைப் பின்புறத்தில் சார்த்தி ஏறி, பின்னர் முழங்காலில் இருந்து, ஓடம் சறுக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு காலாக ஊன்றி எழுதல் வேண்டும். எழுந்தபின்னும் முழங்கால்களைச் சிறிது வளைத்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்தி, கைகளைத் தளர்வாக வைத்திருத்தல் வேண்டும். கைப்பிடித் தண்டு பிடித்துத் தொங்குவதற்குரிய கொம்பன்று. ஓட்டுபவரின் பாரத்துக்கேற்ற மிதப்பு ஓடத்துக்கு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இலேசான ஒருவரை எளிதில் தாங்கும் சிறிய ஓடம், பாரமான ஒருவர் ஏறியதும் அமிழ்ந்து தள்ளாடும்.

இரண்டாவது, முன்பு நன்றாக ஓடிய ஓடம் இப்பொழுது எழும்ப மறுக்கிறது, அல்லது ஒரு பக்கம் சரிந்தே நிற்கிறது என்ற முறையீடு. இங்கே முதலில் ஐயுற வேண்டியது உள்ளே புகுந்த நீரை. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் பாரம். இருபது லீற்றர் புகுந்தால் இருபது கிலோகிராம். ஆனால் பாரம் மட்டுமே தொல்லை என்று எண்ணிவிடலாகாது. அந்நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓடம் இடப்புறம் சரிந்தால் நீரும் இடப்புறம் ஓடி மேலும் சரியச் செய்கிறது. அகன்ற தாம்பாளத்தில் சிறிது நீரை வார்த்து ஏந்தி நடந்து பாருங்கள், அதே அளவு நீரைச் செம்பில் எடுத்து நடந்து பாருங்கள், வேறுபாடு விளங்கும். பெருங் கப்பல்களையும் இந்நியதி விடுவதில்லை. 1987 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6 ஆந் திகதி, பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஹெரல்ட் ஒப் பிறீ என்ரர்பிறைஸ்' என்னும் கப்பலின் முன்கதவுகள் மூடப்படாதிருந்தன. வாகனத் தட்டுக்குள் புகுந்த நீர் ஒருபுறமாக ஓட, கப்பல் சில நிமிடங்களுக்குள் சரிந்து வீழ்ந்தது. 193 பேர் உயிரிழந்தனர். அளவில் வேறுபாடேயன்றி, நியதி ஒன்றே.

ஆகவே, ஓடத்தைக் கரையேற்றி, அடைப்பான்களைத் திறந்து, நீரை வடிய விடுதல் வேண்டும். நீர் வந்தால் எவ்வழியாகப் புகுந்தது என்று தேடுக. யந்திர மூடியைச் சுற்றியுள்ள றப்பர் நைந்துள்ளதா? அடைப்பானின் வளையம் தேய்ந்துள்ளதா? நீரை வெளியே இழுக்கும் சிறுகுழாய் மணலால் அடைபட்டுள்ளதா? சுழல்தண்டு உட்புகும் இடத்து முத்திரை ஒழுகுகிறதா? உடற்பாகத்தில் வெடிப்பு உண்டா? நீர் வடிந்தபின்னும் ஓடம் பாரமாயிருந்தால், மிதப்புக்காக உள்ளே நிரப்பப்பட்ட நுரைப்பஞ்சு நீரை உறிஞ்சியிருக்கக் கூடும். பழைய ஓடங்களில் இது காணப்படுவதே. இதனை அறிய எளிய வழி, ஓடத்தைத் தராசில் நிறுத்து, கைந்நூலிற் கூறிய வெற்றுப் பாரத்துடன் ஒப்பிடுதல்.

மூன்றாவது, சறுக்கோட்டத்தின்போது அணியம் எழுந்தெழுந்து விழுவது, அல்லது முன்னே குத்துவது. கடற்பன்றி துள்ளுவதுபோன்ற இவ்வாட்டத்துக்கு முதற் காரணம் நிற்கும் இடம். மிகவும் பின்னே நின்றால் அணியம் மேலெழும். மிகவும் முன்னே சென்றால் அது நீரிற் குத்தும். ஆகவே, ஓர் அடி முன்னே அல்லது பின்னே நின்று பார்த்தபின்பே கருவிப் பெட்டியைத் திறக்க வேண்டும். நிற்கும் இடத்தை மாற்றியும் ஆட்டம் தீராவிடின், அடித்தளத்தை ஆராய்க. நேரான கோலொன்றை அதன் பின்பகுதியில் நீளவாட்டில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். அடித்தளம் உட்குழிந்திருந்தால் பின்புறம் உயர்ந்து அணியம் தாழும். வெளியே வளைந்திருந்தால் பின்புறம் தாழ்ந்து அணியம் துள்ளும். பம்பின் கீழே பொருத்தப்பட்ட அடித்தகடு வளைந்திருப்பினும், அதன் ஆணிகள் தளர்ந்திருப்பினும் இதே விளைவு உண்டாகும்.

நான்காவது, நேரே செல்ல வேண்டியபோது ஒரு பக்கம் இழுப்பது, அல்லது எத்திசையிலும் நில்லாது அலைவது. ஓடத்தைக் கரையில் நிறுத்திக் கைப்பிடியை நேராக வையுங்கள். பீச்சுவாயும் நேரே பின்னோக்கி இருக்கிறதா? இல்லையாயின், இரண்டையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சீர்செய்தல் வேண்டும். கைப்பிடியை மெல்ல அசைக்கும்போது, பீச்சுவாய் அசையுமுன் வெற்று ஆட்டம் தெரிந்தால், மூட்டுக்களில் உள்ள உருளைகள் தேய்ந்துள்ளன என்பது பொருள். கைப்பிடித் தண்டு அணியத்தில் இணையும் கீலிலும் இத்தகைய தேய்வு உண்டாகும். பக்கங்களில் சிறகு போன்ற துண்டுகள் பொருத்தப்பட்ட ஓடமாயின், இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தளர்ந்தால் ஓடம் அப்பக்கத்துக்கு வேறுவிதமாகத் திரும்பும்.

ஐந்தாவது, அலையிலோ திருப்பத்திலோ யந்திரம் அலறுகிறது, ஆனால் ஓடம் முன்னேறவில்லை, பின்புறம் வழுக்குகிறது. விசிறி நீருக்குப் பதிலாகக் காற்றைப் பற்றுகிறது, அல்லது நீர் வரும் வழி தடைப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். உறிஞ்சுவாயில் பாசி, கயிறு, பிளாஸ்ரிக் பை முதலியன சிக்கியிருக்கலாம். பம்புக்கும் உடற்பாகத்துக்கும் இடையிலுள்ள முத்திரை விட்டுப்போய்க் காற்று புகலாம். சிறுகல் பட்டு விசிறியின் விளிம்பு நொறுங்கியிருக்கலாம்; விசிறிக்கும் அதனைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். உந்துவிசை விட்டுவிட்டு வந்தால் உறுதியும் விட்டுவிட்டே வரும். யந்திரம் எரிபொருட் குறையினாலோ தீப்பொறிக் குறையினாலோ தடுமாறும்போதும் ஓட்டுபவர் முன்னும் பின்னும் எறியப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஆறாவது, விசையைக் குறைத்தவுடன் ஓடம் சொற் கேளாமற் போவது. நேயர்களே, இப்பேச்சில் நீங்கள் எதனை மறந்தாலும் இதனை மறத்தலாகாது. இது பழுதன்று, எந்தத் திருத்துநரும் நீக்கித் தர இயலாதது. சுக்கான் இல்லாத ஓடம் என்று முன்னர் சொன்னேன் அல்லவா? பீச்சுவாயிலிருந்து நீர் பாயும்வரையில்தான் அது திரும்பும். எதிரே ஒருவர் நீந்துவதைக் கண்டு அஞ்சி, விசைநெம்பிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கைப்பிடியை மட்டும் திருப்பினால், பீச்சுவாய் திரும்பும். ஆனால் நீர் பாயாது. ஓடம் தன் வேகத்தில் நேரே சென்று மோதும். நிலத்தில் வாகனம் ஓட்டிப் பழகிய நம் அறிவு, ஆபத்தில் விசையைக் குறை என்று கட்டளையிடுகிறது. அக்கட்டளையே இங்கு ஆபத்தை விளைக்கிறது. திரும்புதற்கு விசை வேண்டும் என்பதை வெற்று நீர்ப்பரப்பிற் பலமுறை பயின்று, கைக்குப் பழக்கிக்கொள்ளுதல் வேண்டும். இருந்து ஓட்டும் சில வகைகளில் 2009 ஆம் ஆண்டு முதல் வேகத்தைத் தணிக்கும் அமைப்புகள் வந்துள்ளன. எனினும், நின்றோட்டுபவர் அத்தகைய உதவியை எதிர்பார்த்து நீரில் இறங்குதல் கூடாது. இடைவெளியே அவருக்குப் பாதுகாப்பு.

காரணம் தேடும்போது கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கையும் கூறிவிடுகிறேன். செலவில்லாதவற்றை முதலிலும் செலவுள்ளவற்றைக் கடைசியிலும் பாருங்கள். நிற்கும் முறை, உட்புகுந்த நீர், அடித்தளம், மூட்டுக்கள், பம்பு, யந்திரம் என்பதே வரிசை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றியபின் ஓடம் சீராக ஓடினால், எது மருந்து என்பது தெரியாது. சீர்கெட்டு ஓடினால், எது நஞ்சு என்பதும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதே ஆள், அதே அமைதியான நீரில், அதே தூரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மாற்றியது எது, விளைந்தது எது என்று கொப்பியொன்றிற் குறித்து வைத்தல் நன்று. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும் இதுவே.

சில எச்சரிக்கைகள். உறிஞ்சுவாயிற் கையை விடுமுன் யந்திரத்தை நிறுத்தி, ஓட்டுபவரின் மணிக்கட்டோடு இணைக்கப்படும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். பெற்றோல் ஆவி உள்ளே தேங்கியிருக்கலாமாதலால், மூடியைத் திறந்து காற்றோட்டம் பெறச் செய்தபின்னரே யந்திரத்தை இயக்க வேண்டும். கரையில் வைத்துச் சில விநாடிகளுக்கு மேல் இயக்கலாகாது. யந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் பம்பின் வழியாகவே வருகிறது. கவிழ்ந்த ஓடத்தை எப்பக்கமாக நிமிர்த்துவது என்பதை உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பர். மாறாகத் திருப்பினால் புகைக்குழாயிலுள்ள நீர் யந்திரத்துட் புகக்கூடும். மிதவைச் சட்டையின்றி நீரில் இறங்குதல் எக்காரணத்தாலும் தகாது.

இவ்வோடத்தை உங்களிற் பெரும்பாலோர் ஓட்டப்போவதில்லை என்பதை நான் அறிவேன். எனினும், தையல் யந்திரம், நீர் இறைக்கும் பம்பு, சைக்கிள் என ஏதோவொரு யந்திரம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. அது முரண்டு பிடிக்கும்போது நாம் உடனே குற்றஞ்சாட்டுகிறோம், பாகங்களைக் கழற்றுகிறோம், பணத்தையும் செலவிடுகிறோம். அதற்கு முன், எப்பொழுது என்னும் ஒரு வினாவைப் பொறுமையுடன் கேட்போமாயின், பாதிப் பழுதுகள் பழுதல்ல என்பதும், மீதிப் பழுதுகள் எங்கே உள்ளன என்பதும் புலப்படும். நீக்கத்தக்க பழுதை நீக்கிக்கொள்ளவும், நீக்கவியலாத இயல்பை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளவும் அவ்வறிவு உதவும்.